ஊர்ப்பெயரே பெயரான நடிகர்

அப்பா அனுப்பிய ஆள் மகளின் அறையில் வந்து நிற்கிறார். நெடிய உருவம். பல வாரங்களாகத் தொடரைப் பார்த்து வந்தவர்கள் அவரை ஊமை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். வாயைத் திறந்து அவர் ஒரு சொல் பேசியதில்லை. அவருடைய வேலை ஒன்றுதான். தலையில் கை வைப்பார். வைக்கப்பட்டவருக்கு நடந்ததெல்லாம் மறந்துபோகும். அந்தப் பெண்ணிடம் இருக்கும் விசேஷ சக்தி வெளியே தெரிந்தால் ஆபத்து என்று அஞ்சும் வளர்ப்புத் தந்தை, அவளுடைய நினைவையும் துடைத்துவிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மிரண்டுபோன அவள் வாயைப் பொத்திக்கொண்டு அந்த ஆள் முதன்முறையாகப் பேசுகிறார். உன்னை மறக்கச் செய்யும்படி உன் அப்பா சொன்னார், ஆனால் நீ மறக்கக் கூடாது, ரகசியத்தைக் காப்பாற்றுவாயா என்று கேட்கிறார். காட்சி அங்கேயே நிற்கிறது.

2006ஆம் ஆண்டின் கடைசியில் என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘ஹீரோஸ்’ தொடரின் 11ஆம் பகுதியில் வந்த காட்சி இது. வாரம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்த தொடர் அது. அவ்வளவு பேரும் பேசிக்கொண்ட அந்தப் பாத்திரத்துக்குத் தொடரில் இருந்த பெயர் ‘ஹைட்டிக்காரர்’. ஊர்ப்பெயர்தான் பெயர். நடித்தவரின் பெயர் ஜிம்மி ஜான் லூயி. அவர் நிஜமாகவே ஹைட்டிக்காரர்.

இந்தத் தொடரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மரபணு ஆராய்ச்சியாளர் ஒருவர் மெட்ராஸிலிருந்து நியூயார்க் போவதில்தான் கதையின் பாதி ஓடுகிறது. அவருக்கு வைத்த பெயர் மொஹிந்தர் சுரேஷ். சென்னைப் பேராசிரியருக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பஞ்சாபிப் பெயர் என்று எந்தத் தமிழ்ப் பார்வையாளருக்கும் சிரிப்பு வரும். அந்த வேடத்தில் நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. அவருடைய சொந்தப் பெயரையே வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்! அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர்களுக்கு உலகப் படம் இவ்வளவுதான். நமக்காவது ஒரு பெயர் கிடைத்தது, தப்பான பெயராக இருந்தாலும். ஹைட்டிக்காரருக்கு அதுவும் இல்லை. ரெனே என்ற பெயர் அவருக்கு வெகு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

பெயரைப் போலவே ஒரு சகோதரனும் தாமதமாகத்தான் வந்தான். மூன்றாம் பருவத்தில் கதை ஹைட்டிக்குப் போகிறது. அங்கே ஆட்களை மிரட்டி ஆளும் ரவுடியாக நிற்கிறான் ஹைட்டிக்காரரின் சகோதரன். அவன் பெயர் பாரோன் சமெதி. வூடூ வழிபாட்டில் இடுகாட்டுக்கு அதிபதியான தெய்வத்தின் பெயர் அது. ஒரு நாட்டின் தெய்வத்தை எடுத்து வில்லனுக்குச் சூட்டுவதில் அந்த எழுத்தாளர்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் நடுவில் ஜிம்மி ஜான் லூயி அந்தப் பாத்திரத்தை எப்படித் தாங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். வசனம் இல்லாத இடங்களில் கழுத்தைக்கூட அசைக்காமல் நிற்பார். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகு ஒரு நொடி தாமதித்துக் கண்ணைத் திருப்புவார். அந்த ஒரு நொடியில்தான் இந்த ஆள் யார் பக்கம் என்ற சந்தேகம் பார்ப்பவருக்குள் புகுந்துகொள்ளும். எழுதித் தராததை உடம்பால் எழுதிக்கொண்ட நடிப்பு அது.

அந்த உடம்பு வேறொரு பள்ளியில் தேர்ந்தது. 1968இல் ஹைட்டித் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை ஒட்டிய பெத்தியோன்வில்லில் பிறந்தவர் ஜிம்மி. பணக்காரர்களின் மலையடிவாரம் என்று பேர் வாங்கிய ஊர். அதே சரிவில் ஏழைகளின் வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். அப்போது நாட்டை ஆண்டவர் ‘பாப்பா டாக்’ என்றழைக்கப்பட்ட ஃபிரான்சுவா துவாலியே. அவருக்குப் பிறகு 1971 முதல் அவர் மகன். பிழைப்புத் தேடிக் குடும்பம் பாரிஸுக்குப் போனபோது ஜிம்மிக்குப் பன்னிரண்டு வயது. அங்கே நடனப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பார்சிலோனாவில் ‘லா பெல் எபோக்’ என்ற இசைநாடக அரங்கில் மூன்று ஆண்டுகள் மேடையேறினார். இத்தாலி, லண்டன் என்று மாடலிங் செய்தார். கிரயோலும் பிரெஞ்சும் வீட்டு மொழிகள். ஸ்பானிய மொழியும் இத்தாலியமும் ஆங்கிலமும் பிழைப்பு கற்றுக்கொடுத்தவை. தொண்ணூறுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தபோது கையில் ஐந்து மொழி இருந்தது; தெரிந்த ஏஜென்ட் ஒருவரும் இல்லாத புதுமுகம் அவர்.

வந்தவருக்கு ஹாலிவுட் கொடுத்த வேலையை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது. 2002இல் ‘தி போர்ன் ஐடென்டிட்டி’யில் சின்ன வேடம். 2003இல் புரூஸ் வில்லிஸ் நடித்த ‘டியர்ஸ் ஆஃப் தி சன்’. நைஜீரியாவில் நடப்பதாகக் கதை, ஹவாய்த் தீவில் ஷூட்டிங். 2005இல் ‘மான்ஸ்டர்-இன்-லா’வில் இளவரசர் அமீர். 2006இல் மோனிக் நாயகியாக நடித்த ‘ஃபேட் கேர்ல்ஸ்’ படத்தில் துண்டே என்ற நைஜீரிய டாக்டர். இதில் மட்டும்தான் காதல் நாயகன். உருவத்தை வைத்துத் தன்னையே வெறுக்கும் ஒரு பெண்ணை அவள் உருவத்துக்காகவே விரும்பும் ஆள். விமர்சகர்கள் படத்தைத் துவைத்துக் காயப்போட்டார்கள் என்றாலும் அவருடைய பங்கைக் குறை சொல்ல இடமில்லை. கறுப்பு நிறமும் பிரெஞ்சு வாடையடிக்கும் ஆங்கிலமும் இருந்தால் ஆப்பிரிக்காவின் எந்த மூலைக்கும் இந்த ஆள் பொருந்துவார் என்பது வேடம் ஒதுக்கும் அலுவலகங்களின் கணக்கு. ஹைட்டி மட்டும் அந்தக் கணக்கில் வராது. வந்தால் ‘ஹீரோஸ்’ வந்த விதத்தில்தான் வரும்.

நாடே நோயின் பெயரானபோது

அமெரிக்காவில் ஹைட்டிக்காரர் என்று சொல்லிக்கொள்வது அந்தத் தலைமுறைக்கு என்னவாக இருந்தது என்பதை அறிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1980களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் என்ற புது நோயைப் பார்த்துத் திகைத்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஆபத்துக்குரியவர்கள் என்று நான்கு கூட்டத்தாரை அடையாளம் காட்டியது: ஒருபாலுறவு ஆண்கள், ஹெராயின் ஊசி போடுவோர், ஹீமோஃபீலியா நோயாளிகள், ஹைட்டியர். முதல் மூன்றும் செயலோ உடல்நிலையோ சார்ந்தவை. நான்காவது ஒரு நாடு. ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் ‘நான்கு எச்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 1985இல் பட்டியலிலிருந்து ஹைட்டியரை எடுத்தார்கள். ஆனால் 1990 பிப்ரவரியில் உணவு மருந்து நிர்வாகம், ஹைட்டியர் எவரிடமும் ரத்த தானம் வாங்க வேண்டாம் என்று சொன்னது. அந்த ஏப்ரல் 20ஆம் தேதி நியூயார்க்கில் பல்லாயிரம் ஹைட்டியர் புரூக்ளின் பாலத்தை நடந்தே கடந்து ஊர்வலம் போனார்கள், பாலம் நிறைந்துபோனது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடை போயிற்று. பள்ளிக்கூடத்தில் தான் ஹைட்டி என்பதை மறைத்துக்கொண்ட பிள்ளைகளின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

இந்தப் பின்னணியில் ஜிம்மி ஜான் லூயி 2006இல் செய்த ஒரு காரியம் எனக்கு ‘ஹீரோஸ்’ வாய்ப்பைவிடப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏறும் அதே ஆண்டில் போர்ட்-ஓ-பிரின்ஸில் எடுத்த ஒரு சின்னப் படத்தில் எய்ட்ஸ் நோயாளியாக நடித்தார். இயக்கியவர் ஆர்னால்ட் அந்தோனின். படத்தின் பெயரே ஒரு கேள்வி: தலைவருக்கு எய்ட்ஸா? இந்தத் ‘தலைவர்’ அரசியல்வாதி இல்லை. டாவோ என்ற கொம்பா இசைப் பாடகர். கொம்பா ஹைட்டியின் நடன இசை. அதில் கொடிகட்டிப் பறப்பவனுக்குத் தெருவெல்லாம் ரசிகர், வீடெல்லாம் பெண்கள். உடம்பு இளைக்கிறது. டாவோ நம்ப மறுக்கிறான். டாக்டரிடம் போவதற்குப் பதில் மந்திரவாதியிடம் போகிறான். பெயர் பெற்ற மாடல் ஒருவர் தன் உடம்பைக் கரையும் உடம்பாகக் காட்ட ஒப்புக்கொண்டதிலேயே படத்தின் பாதி வேலை நடந்துவிடுகிறது.

அமெரிக்கா முத்திரை குத்திய அதே நோயை, வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தங்கள் மொழியில் தங்கள் மக்களிடம் பேசிய படம். அதில் ஜிம்மிக்கு ஜோடியாக வந்த பெண் ஜெசிக்கா ஜெனேயுஸ். 15 ஆண்டு கழித்து அவரே இயக்குநராகி எடுத்த ‘ஃப்ரெடா’ 2021 கான் விழாவின் ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவுக்குத் தேர்வானது. சின்னப் படங்கள் இப்படியும் வட்டி கட்டும்.

படம் எடுத்தாலும் காட்ட இடம் வேண்டுமே? போர்ட்-ஓ-பிரின்ஸின் பழைய திரையரங்குகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. திருட்டு டிவிடி ஒரு பக்கம், மின்வெட்டு ஒரு பக்கம். பிறகு 2010 ஜனவரி 12 மாலை வந்த நிலநடுக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு தலைநகரின் பெரும்பகுதியையும் கொண்டுபோனது. அதற்கு முன்பே ‘ஹாலிவுட் யுனைட்ஸ் ஃபார் ஹைட்டி’ என்ற தொண்டு அமைப்பை ஜிம்மி தொடங்கியிருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் கலையும் கற்பிப்பது நோக்கம். ஒரே நாளில் அதன் வேலை நிவாரணமாக மாறியது. அந்த வாரங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஹைட்டியைப் பற்றிப் பேச ஆள் தேடியபோது அவர்களுக்குத் தெரிந்த முகம் ‘ஹைட்டிக்கார’ருடையதுதான். பெயரில்லாத வேடம் இப்படி ஒருமுறை உதவியது.

லாகோஸில் ஒரு வேலை

‘ஹீரோஸ்’ 2010 பிப்ரவரியில் முடிந்தது. நான்கு ஆண்டு ஓடிய தொடரில் நடித்தவர் அடுத்து என்ன செய்வார்? லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்து அடுத்த தேர்வுக்குக் காத்திருப்பார். ஜிம்மி விமானம் ஏறினார்.

‘நாலிவுட்’ என்று அழைக்கப்படும் நைஜீரியப் படத்தொழிலை அப்போது ஹாலிவுட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் யுனெஸ்கோவின் 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்ன எண்கள் வேறு மாதிரி இருந்தன. இந்தியா 1,091 படம்; நைஜீரியா 872; அமெரிக்கா 485. நைஜீரியாவின் 872இல் பெரும்பாலானவை திரையரங்கையே பார்க்காதவை. வீடியோ கேமராவில் சில வாரங்களில் எடுத்து, லாகோஸின் அலாபா, இடுமோட்டா சந்தைகளில் வட்டுகளாகக் குவித்து விற்கும் வியாபாரம். வெளியான கையோடு திருட்டுப் பிரதி வந்துவிடும். அதற்குள் போட்ட காசை எடுத்துவிட வேண்டும். வங்கிக் கடன் கிடையாது, அரசு மானியம் கிடையாது. சந்தை வியாபாரிகளே தயாரிப்பாளர்கள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடினால் ஒலிப்பதிவுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

2010இல் ஜிம்மி நடித்த ‘ரிலென்ட்லெஸ்’ லாகோஸில் எடுத்த படம். அதற்கடுத்து கானாவில் லெய்லா ஜான்சி இயக்கிய ‘சிங்க்கிங் சாண்ட்ஸ்’. இரண்டாவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்பான கணவன் ஒருவன் விபத்தில் முகம் சிதைந்துபோகிறான். தாழ்வுணர்ச்சி சந்தேகமாகி, சந்தேகம் அடியாகிறது. அடிவாங்கும் மனைவியாக நடித்த ஆமா அபெப்ரெசேவுக்கு 2011ஆம் ஆண்டு ஆப்பிரிக்கத் திரைப்பட அகாடமி விருது கிடைத்தது, நியாயமான விருது. ஆனால் அந்த நடிப்பு நிற்பதற்குத் தூணாக எதிரில் இருந்தவர் ஜிம்மி. அழகை மூலதனமாக வைத்து வந்த மாடல், முகத்தில் தழும்பை ஒட்டிக்கொண்டு, பார்ப்பவர் பரிதாபப்படவும் வெறுக்கவும் ஒரே காட்சியில் இடம் கொடுத்து நடிக்கிறார். ஹாலிவுட்டில் அவருக்கு இப்படிப்பட்ட வேடம் அதுவரை வரவில்லை.

கேமராவையும் திருப்பினார். 2015இல் வந்த ‘ஜிம்மி கோஸ் டு நாலிவுட்’ ஆவணப்படத்தில் அவரே முன்னால் நின்று நைஜீரிய நட்சத்திரங்களையும் தயாரிப்பாளர்களையும் சந்திக்கிறார். அமெரிக்கப் படங்களில் நைஜீரியராக நடித்துச் சம்பாதித்தவர் நைஜீரியரிடமே போய் நீங்கள் எப்படிப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்கும் படம். துண்டே டாக்டருக்குக் கிடைத்த பாடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்புத் தளபதி, வெள்ளைக் கணக்கு

ஹைட்டிக்காரர் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய பெரிய வேடம் தூசாந் லூவெர்த்தூர். அடிமையாகப் பிறந்து, குதிரைகளைப் பார்த்துக்கொள்பவராக வேலை செய்து, நடுவயதுக்கு மேல் வாளெடுத்து, பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கிலப் படைகள் மூன்றையும் சமாளித்து, பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டியையே ஆண்டவர். 1802இல் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து வஞ்சகமாகப் பிடித்தார்கள். பிரான்சின் கிழக்கே ஜூரா மலைப் பனிக்கு நடுவே இருக்கும் ஃபோர் த ஜூ கோட்டையில் அடைத்தார்கள். கரீபிய வெயிலில் வளர்ந்த உடம்பு ஒரு குளிர்காலத்தைத்தான் தாங்கியது. 1803 ஏப்ரல் 7 அன்று இறந்தார். அடுத்த ஜனவரி முதல் தேதி ஹைட்டி சுதந்திரம் பெற்றது; அடிமைகளே எழுந்து உருவாக்கிய நாடு உலக வரலாற்றில் அது ஒன்றுதான்.

இந்தக் கதையைப் படமாக்க அமெரிக்க நடிகர் டானி குளோவர் பல ஆண்டு அலைந்தார். 2007இல் ஹியூகோ சாவேஸின் வெனிசுவேலா அரசு 1 கோடியே 80 லட்சம் டாலர் தரச் சம்மதித்தும் படம் எழவில்லை. தயாரிப்பாளர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி என்று அவர் பேட்டியில் சொன்னார்: இதில் வெள்ளைக்காரக் கதாநாயகர்கள் எங்கே?

ஹாலிவுட்டால் முடியாததைச் செய்தது பிரெஞ்சுத் தொலைக்காட்சி, அதாவது தூசாந்தைச் சிறையில் அடைத்த நாடு. ஃபிலிப் நியாங் இயக்கிய இரண்டு பகுதிப் படம் 2012 பிப்ரவரியில் ஃபிரான்ஸ் 2 அலைவரிசையில் வந்தது. தூசாந் வேடம் ஜிம்மிக்கு. இது வரலாற்றுப் பாடமாகப் பார்க்கத்தக்க படம் இல்லை. சிறுவனின் கண்ணெதிரே கிழ அடிமையான தந்தையை நீரில் மூழ்கடிப்பது போன்ற காட்சிகளுக்கு ஆதாரம் கிடையாது. தூசாந்தின் தந்தை அப்படிச் சாகவில்லை. உண்மை இவ்வளவு சூடாக இருக்கும்போது மசாலா எதற்கு என்று ஆய்வாளர்கள் கடிந்துகொண்டதில் நியாயம் உண்டு.

ஆனால் கோட்டைக் காட்சிகள் வேறு தரம். நெப்போலியன் அனுப்பிய இளைஞன் ஒருவன், தூசாந் எங்கோ புதைத்து வைத்ததாக வதந்தி உலவும் பொக்கிஷத்தின் இடத்தைக் கறக்க வருகிறான். கைதி தன் வாழ்க்கையைச் சொல்கிறார். இருமிக்கொண்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆனால் முதுகை மட்டும் வளைக்காமல். அதிக வசனமில்லாமல் நின்றே நான்கு ஆண்டு ஓட்டிய நடிகருக்கு இங்கே பேச்சு அருவியாகக் கொட்டுகிறது. இருந்தும் அவர் வலுவாகத் தெரிவது கேள்வி கேட்டுவிட்டு இளைஞன் காத்திருக்கும் இடைவெளிகளில்தான். பதில் சொல்லலாமா என்று யோசிக்கும் கிழவரின் முகத்தில் குதிரைக்காரனும் தளபதியும் மாறி மாறி வந்து போகிறார்கள்.

இதற்குப் பிறகு ஹாலிவுட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 2015இல் டேவிட் ஓ. ரஸ்ஸல் இயக்கிய ‘ஜாய்’ படத்தில் அவருக்குக் கிடைத்த வேடம் குழாய் ரிப்பேர் செய்ய வரும் ஹைட்டிக்காரர். பாத்திரத்தின் பெயர்? தூசாந். நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்து தொலைக்காட்சி நாடகம் பார்க்கும் கதாநாயகியின் அம்மாவை எழுப்பி உட்காரவைக்கும் காதலர். குறைசொல்ல முடியாத, இதமான சின்ன வேடம். அதை அவர் இதமாகவே செய்தார். அதே ஆண்டு ‘ஹீரோஸ் ரீபார்ன்’ வந்தபோது ரெனேவாக மறுபடி வந்து, வந்த வேகத்தில் சுடப்பட்டுச் செத்தார். ‘ஆரோ’வில் ஒரு கப்பல் தலைவர். ‘க்ளாஸ்’ தொடரில் ஹைட்டியக் குற்றக் குடும்பத்து டாக்டர். வாடகைக்கு இவை போதும்.

மனசுக்கு வேறு படங்கள். 2019இல் இரண்டு வந்தன. புர்கினா ஃபாசோ இயக்குநர் அப்போலின் திராவோரேயின் ‘டெரான்ஸ்’, வாகடூகுவில் நடக்கும் ஃபெஸ்பாக்கோ விழாவில் போட்டியிட்டது. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் குடியேறிய ஹைட்டிக்காரரின் கதை. ஒரு நாட்டின் வன்முறைக்குத் தப்பி வந்தவர் 2010 தேர்தலுக்குப் பின் வெடித்த கலவரத்தில் மறுபடி மாட்டிக்கொள்கிறார். குலப்பெயரைச் சுமக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று ஏங்குபவருக்கு உண்மையில் துணையாக நிற்பவள் கண்ணெதிரே இருக்கும் மகள். நம் ஊர் அப்பாக்களுக்கும் கொஞ்சம் உறைக்கும் படம்.

மற்றது ‘ராட்டில்ஸ்னேக்ஸ்’. இதில் ஜிம்மி நடிகர் மட்டுமல்ல, தயாரிப்பாளரும்கூட. கிரஹாம் ஃபாரோவின் மேடை நாடகத்தை ஜூலியஸ் அமெதுமே படமாக்கினார். முகமூடி போட்ட மூன்று பேர் ஒருவரைக் கட்டிவைத்து, எங்கள் மனைவிகளோடு உனக்கு என்ன என்று கேட்டு அடிக்கிறார்கள். ஆட்கள் குறைவு, இடங்கள் குறைவு, பேச்சும் பயமுமே செலவு. காசில்லாத தயாரிப்பாளர்கள் நாடகக் கதைகளைத் தேடிப் போவது இதனால்தான். அடிப்பவர்களில் ஒருவராக வந்தவர் ஜாக் கோல்மன். ‘ஹீரோஸ்’ தொடரில் மகளின் நினைவைத் துடைக்கச் சொல்லி அனுப்பினாரே, அதே அப்பா. பெரிய கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்த இரண்டு பேர் பிற்பாடு சொந்தமாகச் சின்னக் கடை போட்டால் இப்படித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அடுத்த ஆண்டு நெட்ஃப்ளிக்ஸில் குன்லே அஃபோலயனின் நைஜீரியப் படம் ‘சைட்டேஷன்’. பல மொழியும் நன்னடத்தையும் கொண்ட செனகல் நாட்டுப் பேராசிரியர் லூசியன். மாணவி அவர்மீது பாலியல் புகார் கொடுக்கிறாள். பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்கு முன் கதை நடக்கிறது. இத்தனை நாள் ஜிம்மிக்குச் சோறு போட்ட வசீகரம் முழுவதையும் இங்கே அவர் கெட்டவனுக்குக் கொடுத்துவிட்டார். இந்த மனிதரா என்று நாமே அவர் பக்கம் சாயப் பார்க்கிறோம். அங்கேதான் படம் நம்மைப் பிடிக்கிறது.

இவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இவ்வளவு சுற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. மயாமியில் வளர்ந்த எட்சன் ஜான், ‘மூன்லைட்’டில் வகுப்பாசிரியராகத் தலைகாட்டியவர், பிறகு தன் ஊரிலேயே ‘லூடி’ எடுத்தார். 2021 எஸ்.எக்ஸ்.எஸ்.டபிள்யூ. விழாவில் வந்த படம். நர்ஸ் வேலை பார்த்த தன் தாயை மனதில் வைத்து எழுதியது. ஹைட்டியிலிருந்து வந்த லூடி, ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு ஷிஃப்ட் முடித்த கையோடு அடுத்த ஷிஃப்டுக்கு ஓடுகிறாள். கிரயோலில் பேசி அனுப்பும் செய்திகளில் மட்டும் எல்லாம் சுகம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டுக்கும் இந்தப் படத்துக்குத் துணைவசனம் தேவைப்படாது. வூடூ இல்லை, ரவுடிச் சகோதரன் இல்லை. ஜிம்மி உலகம் சுற்றிச் சேர்த்ததை இவர்கள் வீட்டுக் கூடத்திலிருந்தே எடுக்கிறார்கள். அதே சமயம் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி இப்போது ஆயுதக் கும்பல்களின் கையில். அங்கே போய்க் கேமரா வைப்பது 2006ஐவிடக் கடினம்.

ஒரு படத்தை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். 2005இல், ‘ஹீரோஸு’க்கும் முந்தி, ஜிம்மி நடித்த ‘தி கேம் ஆஃப் தெயர் லைவ்ஸ்’. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை அமெரிக்கா ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்ற கதை. ஜூன் 29, பிரேசிலின் பெலோ ஹரிசாஞ்சி. 38ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிக் கோலுக்குள் தள்ளியவர் ஜோ கேட்ஜன்ஸ். போர்ட்-ஓ-பிரின்ஸ்காரர். கணக்கியல் படிக்க நியூயார்க் போய், உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டே லீக் ஆட்டம் ஆடியவர். அமெரிக்கக் குடியுரிமையே வாங்காதவர். அந்த வேடம் ஜிம்மிக்கு. வசதியான கத்தோலிக்கக் குடும்பத்துப் பையனைப் படத்தில் வூடூ சடங்கு செய்பவனாகக் காட்டினார்கள். வேறென்ன செய்வார்கள்!

படத்தின் அக்கறை அந்த ஆட்டத்தோடு தீர்ந்துவிடுகிறது. கேட்ஜன்ஸின் கதை தீரவில்லை. பிரான்சில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு ஊர் திரும்பினார். கல்யாணம் செய்துகொண்டு உலர்சலவைக் கடை வைத்தார். அரசியல் பக்கம் போகாதவர். தம்பிகள் துவாலியேவுக்கு எதிரான நாடுகடந்தோர் கூட்டத்தில் இருந்தார்கள். அது போதுமாக இருந்தது. 1964 ஜூன் மாதம் துவாலியே ஆயுட்கால அதிபராகத் தன்னையே அறிவித்துக்கொண்டார். ஜூலை 8ஆம் தேதி அவருடைய கையாள் படையான தொந்தோன் மக்கூத் ஆட்கள் கேட்ஜன்ஸைப் பிடித்துப் போனார்கள். ஃபோர் திமான்ஷ் சிறைக்குள் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயது.

உலகக் கோப்பையை மறுபடி எழுப்ப ஹாலிவுட் பணம் வேண்டும். சலவைக் கடையில் தொடங்கும் இந்த இரண்டாம் பாதிக்கு ஒரு கடை, ஒரு கார், முகம் மாறாத இரண்டு ஆட்கள், காத்திருக்கும் ஒரு வீடு இவ்வளவுதான் செலவு. ‘ராட்டில்ஸ்னேக்ஸ்’ எடுத்த தயாரிப்பாளருக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. பந்தடிக்கும் வயது ஜிம்மிக்குப் போய்விட்டது. தொந்தோன் மக்கூத் ஆட்கள் யார், எப்படிக் கதவைத் தட்டுவார்கள் என்பதை அந்த ஊரில் பிள்ளையாக இருந்து அறிந்த ஒருவர் இந்தப் படத்தை எடுப்பதுதான் முறை.